அணுகடியும் அதன் திட்டமும்

இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் கோல்ப் விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவது நேயர் சிலருக்கு நகைப்பை விளைத்தல் கூடும். யான் அவ்விளையாட்டை ஆடியவன் அல்லேன். அதற்குரிய மட்டையை ஒரேயொரு முறை கையிலெடுத்தேன். அன்று பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, புல்தான் பெயர்ந்தது. ஆயினும், ஆடாதவன் பேசலாகாது என்று ஒரு விதி இருக்குமாயின், போர்க்களம் காணாத நாம் புறத்திணைக்கு உரை சொல்லுதல் எங்ஙனம்? அத்துணிவே இக்கட்டுரைக்குந் துணை.

சென்ற ஆண்டு ஏப்பிரல் விடுமுறையில் நுவரெலியாவிலே சில நாள் தங்க நேர்ந்தது. அந்நகரின் நடுவே, தெருவிற் செல்வோர் எவருங் காணும்படியாக, 1889-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கோல்ப் கழகத்தின் திடல் பரந்து கிடக்கின்றது. ஒரு காலத்தில் என்னிடம் நன்னூல் படித்த மாணவர் ஒருவர் அப்பகுதியிலே தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்திற் கடமை புரிகின்றார். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அத்திடலுக்குச் செல்பவர். “ஐயா, ஒரு மாலைப்பொழுது என்னோடு நடந்து வாருங்கள், குளிருக்கும் நல்லது” என்று அழைத்தார். குளிருக்கு நல்லதென்றமையால் உடன்பட்டேன்.

விளையாட்டின் அமைப்பை அவர் சுருங்கச் சொல்லி விளங்கவைத்தார். நாலேகால் அங்குல விட்டமுள்ள ஒரு குழி. அதைச் சூழ மிக நுண்ணிதாக வெட்டப்பட்ட புல்வெளி. இதனை ‘கிறீன்’ என்பர். நாம் பசுந்தரை எனலாம். குழியிலே ஒரு கொடி நாட்டப்பட்டிருக்கும். தொடக்க இடத்திலிருந்து அக்குழிக்குள் இத்தனை அடியிற் பந்தைச் சேர்த்தல் வேண்டும் என்று ஓர் அளவு விதிக்கப்பட்டிருக்கும். அதற்குப் ‘பார்’ என்று பெயர். முதலிற் பந்தை நெடுந்தூரம் ஓட்டுவது தொடக்க அடி. பசுந்தரையை அடைந்தபின் தரையோடு தரையாக உருட்டுவது உருட்டடி. இவ்விரண்டுக்கும் இடையே, பசுந்தரையைக் குறிவைத்துப் பந்தை வானில் எழுப்பி அடிப்பதொன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘அப்புறோச்’ என்று வழங்கும் அவ்வடியைத் தமிழில் எவ்வாறு சொல்லலாம் என்று மாணவர் வினவினார். ‘அணுகடி’ என்றேன். அணுகு என்னும் வினைப்பகுதியும் அடி என்னும் பெயரும் ஒட்டி நின்ற வினைத்தொகை. அணுகிய அடி, அணுகுகின்ற அடி, அணுகும் அடி என முக்காலமும் அதனுள்ளே கரந்து நிற்கும். அடி என்னுஞ் சொல் நீட்டலளவைக்கும் பொதுவாகலின், அளவையைக் குறிக்குமிடத்து ‘அடித் தூரம்’ என்று எழுதுவேன், நேயர் பொறுத்துக்கொள்க.

நிற்க. அன்று மாலை ஏறத்தாழ 150 யார் நீளமுள்ள ஒரு குழியை வந்தடைந்தோம். கொடி பசுந்தரையின் வலக்கோடியிலே, நெடுமரங்கள் செறிந்த ஓரத்தை ஒட்டி நின்றது. மாணவர் கொடியை நேரே நோக்கி அடித்தார். பந்து மரங்களுக்குட் புகுந்தது. மற்றொரு பந்தை எடுத்து அடித்தார். அதுவும் அதன் வழியே சென்றது. மட்டைப் பையைச் சுமந்து வந்த முதியவர் மிகப் பணிவாக, “கொடியப் பார்க்காதீங்க ஐயா, நடுவுல போடுங்க” என்றார். மாணவருக்கு முகஞ் சிவந்தது. “கொடி அங்கே நிற்கையில் வேறெங்கே பார்ப்பது?” என்று என்னிடந் திரும்பிக் கேட்டார். மூன்றாவது பந்தும் மரங்களுக்கே இரையாயிற்று.

நியாயமான வினாவாகவே அன்று எனக்குத் தோன்றியது. குறி என்று ஒன்றை நாட்டிவைத்துவிட்டு, அதனை நோக்காதே என்றல் முரணன்றோ? ஊருக்குத் திரும்பிய பின்னரும் அவ்வினா என்னை விடவில்லை. பெரும் போட்டிகளின் வரலாறுகளையும், ஆட்டத்தை ஆராய்ந்தோர் எழுதியவற்றையும் சில மாதம் படித்தேன். அம்முதியவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு இத்தனை உரை இருக்கும் என்று யான் எதிர்பார்க்கவில்லை.

அவ்வுரைகளுள் மிகச் சிறந்ததை எழுதியது ஒரு நிலம் என்றே சொல்லல் வேண்டும். அமெரிக்காவிலே ஜோர்ஜியா மாநிலத்தில் ஓகஸ்டா நாஷனல் என்னுந் திடல் உளது. மாஸ்டர்ஸ் என்னும் போட்டி 1934 முதல் நடைபெற்று வருவது அங்கேதான். அத்திடலின் 12-ஆம் குழியின் நீளம் 155 யார் மாத்திரமே. விதித்த அளவு மூன்றடி. ஆகவே அங்கே தொடக்க அடியே அணுகடியாகிவிடுகின்றது. (கணக்கெடுப்போரும் மூன்றடிக் குழியின் முதலடியை அணுகடியோடு சேர்த்தே எண்ணுவர்.) உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு 155 யார் என்பது நாம் முற்றத்திலே கல்லெறிவது போல்வது. அவ்வாறிருந்தும் அக்குழி அழித்த வெற்றிகள் பல.

காரணம் பசுந்தரையின் கிடக்கை. அது இடமிருந்து வலமாக நீண்டும், முன்னிருந்து பின்னாக ஒடுங்கியும் இருக்கின்றது. அதுவும் நேர்குறுக்காக இல்லை. இடப்பக்கம் ஆடுபவனுக்குச் சற்று அண்மையிலும், வலப்பக்கம் சற்றுச் சேய்மையிலும் அமையுமாறு சரிந்து கிடக்கின்றது. முன்னே றே ஓடை என்னும் நீரோடை. ஓடைக்கும் பசுந்தரைக்கும் இடையே புல் ஒட்ட வெட்டப்பட்ட சரிவு. அச்சரிவில் விழுந்த பந்து பெரும்பாலும் நில்லாது, ஓடைக்கு உருண்டுவிடும். 1992-ஆம் ஆண்டிலே பிரெட் கப்பிள்ஸ் என்பாருடைய பந்து அவ்வாறு உருளாமல் ஒரு புற்கற்றையிலே தங்கிற்று. அவ்வாண்டு அவரே வென்றார். அது தெய்வச்செயல், திட்டத்திற் சேராது. பசுந்தரையின் முன்புறத்தே ஒரு மணற்பள்ளமும் பின்புறத்தே இரண்டும் உள. மரங்களின் மேலே காற்று எத்திசையிலிருந்து வருகின்றது என்று துணிதலும் அரிது.

இனி, ஆடுபவனுடைய கையை நோக்குவோம். எத்துணை வல்லவனாயினும் எல்லாப் பந்தும் ஓரிடத்தில் விழுவதில்லை. நூறு பந்து அடித்தால் அவை நிலத்திலே ஒரு சிதறலாக விழும். அச்சிதறலுக்கும் ஒரு வடிவம் உண்டு. வலக்கையாளன் வலப்பக்கந் தவறும்போது, மட்டையின் முகம் திறந்து நிற்றலால், பந்து உயர எழுந்து குறுகி விழும். இடப்பக்கந் தவறும்போது முகம் மூடி நிற்றலால், பந்து தாழப் பறந்து நீண்டு செல்லும். ஆகவே அவனது சிதறல் வலப்பக்கத்தே குறுகியும் இடப்பக்கத்தே நீண்டும் சாய்வாகக் கிடக்கும். 12-ஆம் பசுந்தரையோ இடப்பக்கத்தே அண்மையாகவும் வலப்பக்கத்தே சேய்மையாகவும் கிடக்கின்றது. இரண்டும் கத்தரிக்கோலின் இரு அலகுபோல ஒன்றையொன்று குறுக்கறுக்கின்றன. வலப்பக்கம் தவறினால் ஓடை. இடப்பக்கம் தவறினால் பின்புற மணலும் புதரும். இடக்கையாளனுக்குச் சிதறல் மறுதலையாக அமைதலின் அப்பசுந்தரை அவன் கைக்கு இயைந்ததாகிவிடும். இறுதி நாளிலே கொடியை வலக்கோடியில் நாட்டுதல் அங்கே மரபு. வலக்கையாளன் அக்கொடியை நோக்கி அடித்தால், அவன் சிதறலின் குறுகிய பாதி நீருக்கு மேலேதான் விழும். பந்து நன்றாகப் பட்டால் கைதட்டல் உண்டு. சற்றே பிழைத்தால் நீர்.

2016-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10-ஆந் திகதி நிகழ்ந்தது இதுவே. முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ஜோர்டான் ஸ்பீத் என்னும் 22 வயது இளைஞர் ஒன்பது குழி முடிவில் ஐந்தடி முன்னணியில் நின்றார். 10-ஆம், 11-ஆம் குழிகளில் ஒவ்வோர் அடி இழந்தார். அப்போதும் முன்னணி அவருடையதே. 12-இல் அவர் அடித்த பந்து வலப்பக்கத்தே குறுகி விழுந்து ஓடையுட் சென்றது. தண்டனை அடியோடு மீண்டும் அடித்தார். மட்டை பந்துக்கு முன்னரே நிலத்தைத் தொட்டமையால் அதுவும் நீருட் சென்றது. அடுத்தது பின்புற மணலில் விழுந்தது. மூன்றடிக் குழிக்கு ஏழடி. அன்று டனி வில்லட் என்னும் ஆங்கிலேயர் மூன்றடி வேறுபாட்டில் வென்றார்.

மூன்றாண்டு கழித்து, 2019 ஏப்பிரல் 14-ஆந் திகதி, அதே குழி, அதே கோடியிற் கொடி. இத்தாலியரான பிரான்செஸ்கோ மொலினாரி இரண்டடி முன்னணியோடு வந்தார். அவருக்கு முன்சென்ற குழுவில் இயன் போல்டர், புறூக்ஸ் கெப்கா இருவரும் பந்தை நீரில் இட்டுச் சென்றிருந்தனர். மொலினாரியின் பந்தும் ஓடைக்குள் விழுந்தது; அவரோடு ஆடிய டோனி பீனோவின் பந்தும் அவ்வாறே. கடைசி இரு குழுக்களில் ஆடிய அறுவருள் நால்வர் அங்கே நீருக்கு இரையாயினர். டைகர் வூட்ஸ் என்ன செய்தார்? 9-ஆம் எண் இரும்பு மட்டையை எடுத்து, கொடியைப் புறக்கணித்து, முன்புற மணற்பள்ளத்துக்கு மேலாகப் பசுந்தரையின் இடப்பாகத்திற் பந்தை இட்டார். குழிக்கு அது நெடுந்தொலைவு. இரண்டு உருட்டடியில் முடித்து விதித்த அளவைப் பெற்றார். அக்கணமே முன்னணி சமமாயிற்று. மாலையில், 43 வயதில், தமது 15-ஆவது பெரும் போட்டியை ஓரடி வேறுபாட்டில் வென்றார். அணுகடியிலே அவர் காட்டிய வித்தை ஒன்றுமில்லை. எவருங் கைதட்டாத ஓர் அடியை அடிக்க உடன்பட்டார், அவ்வளவே.

இதைக் கூறியபின் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. 2020-ஆம் ஆண்டு நவம்பரிலே நடைபெற்ற அப்போட்டியின் இறுதி நாளில், அதே வூட்ஸ் அதே குழியில் மூன்று பந்துகளை ஓடையில் இட்டுப் பத்தடி எடுத்தார். தொழில்முறை ஆட்டத்தில் ஒரு குழிக்கு அவர் எடுத்த மிகப் பெரிய எண் அது. அறிந்தவனுக்கும் அறிவு நாடோறும் புதிதாக வேண்டியிருக்கின்றது போலும்.

கொடியை நோக்காமை கோழைத்தனம் என்று கருதுவோர் உளர். அவர்கட்குக் கணக்கே விடை தரல் வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் 2003 முதல் ஒவ்வோர் அடியும் கருவிகொண்டு அளக்கப்பட்டு வருகின்றது. அவ்வளவைகளைக் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரான மார்க் புறோடி ஆராய்ந்து 2014-இல் நூலாக வெளியிட்டார். உருட்டடியில் வல்லவனே வெல்வான் என்பது அதுவரை பலர் வாய்மொழி. அவர் கண்டது வேறு. முன்னணி ஆட்டக்காரர் ஏனையோரை விஞ்சி நிற்கும் அளவில் ஏறத்தாழ 40 வீதம் அணுகடியால் வருவது; தொடக்க அடி 28 வீதம்; குழிக்கு அண்மையிலிருந்து அடிக்கும் சிற்றடி 17 வீதம்; உருட்டடி 15 வீதமே. அங்ஙனமாயின் அந்த வல்லவர்கள் பந்தைக் கொடியருகே நிறுத்துகின்றனரோ? இல்லை. 150 யார் தூரத்திலிருந்து அடிக்கும் தொழில்முறையாளனின் பந்து சராசரியாகக் குழிக்கு ஏறத்தாழ 25 அடித் தூரத்திலே நிற்கின்றது. எட்டு அடித் தூரத்திலிருந்து உருட்டினாற்கூட இரண்டுக்கு ஒன்றே அவர்களுக்குக் குழியில் விழும். தொலைக்காட்சி கொடியருகே நின்ற பந்துகளைத் தேர்ந்து காட்டுகின்றது. நாம் அவற்றையே வழக்கம் என்று மயங்குகின்றோம். சிறந்த விடைத்தாளை மாத்திரம் படித்துவிட்டு வகுப்பு முழுவதும் அவ்வாறே எழுதியிருக்கும் என்று எண்ணும் ஆசிரியனின் மயக்கம் இது. எனக்கு அம்மயக்கம் வந்ததுண்டு.

அணுகடிகளுட் புகழ்பெற்ற ஒன்று இக்கருத்துக்கு வேறொரு வகையிற் சான்றாகின்றது. பென் ஹோகன் என்பார் 1949 பெப்ருவரி 2-ஆந் திகதி தம் மோட்டார் வண்டியிற் சென்றபோது பேருந்து ஒன்று மோதி எலும்புகள் முறிந்து கிடந்தார். நடத்தலே ஐயம் என்று பலர் எண்ணினர். பதினாறு மாதங் கழித்து, 1950 யூன் 10-ஆந் திகதி, பென்சில்வேனியாவிலுள்ள மேரியன் திடலில் அமெரிக்கத் தேசியப் போட்டியின் இறுதிநாள். அக்கால வழக்கப்படி ஒரே நாளில் 36 குழி. கால்களைத் துணியாற் சுற்றிக்கொண்டு நடந்தவர், கடைசிக் குழியை வந்தடைந்தபோது கையிலிருந்த முன்னணியெல்லாம் கரைந்து போயிருந்தது. விதித்த நான்கடியில் முடித்தால் மற்றிருவரோடு சமநிலை. ஓரடி மிகுந்தால் தோல்வி. தொடக்க அடிக்குப் பின்னும் பசுந்தரைக்கு இருநூறு யாருக்கு மேல் இருந்தது. ஆடுவதற்கு மிகக் கடினமானது என்று பலரும் அஞ்சும் 1-ஆம் எண் இரும்பு மட்டையை எடுத்தார். அவர் அடித்து முடித்து நிற்கும் கோலத்தைப் பின்னிருந்து ஹை பெஸ்கின் எடுத்த நிழற்படம் அவ்விளையாட்டின் படங்களுள் மிகப் புகழ்பெற்றவற்றுள் ஒன்று. பந்து நின்ற இடம் யாது? குழியிலிருந்து ஏறத்தாழ 40 அடித் தூரம்! இரண்டு உருட்டடியில் முடித்தார். மறுநாள் நடைபெற்ற தீர்ப்பாட்டத்தில் லொயிட் மாங்கிரமையும் ஜோர்ஜ் பாசியோவையும் வென்றார். அவர் அடித்த இடத்திலே இன்றும் ஒரு தகடு பதிக்கப்பட்டிருக்கின்றது. பந்து நின்ற தொலைவை நினைப்பவர் இலர். அவருக்கு வேண்டியிருந்தது பசுந்தரை, அதனை அடைந்தார்.

இங்ஙனம், அணுகடியிற் பெரும்பகுதி மட்டையை உயர்த்து முன்னரே முடிந்துவிடுகின்றது. வினைத்தொகையிற் கரந்துள்ள மூன்று காலத்துள் எதிர்காலமே இங்கு வலியது. இனி, அத்திட்டத்தை வகுக்கும் வகை யாது என்று காண்பாம்.

முதலாவதாக, தன் வலியைத் தான் அறிதல். வள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளமை நேயர் அறிந்ததே. ஆயினும் மட்டையைக் கையிலெடுத்தவர் அதனை மறந்துவிடுகின்றனர். என் மாணவருடைய 7-ஆம் எண் இரும்பு மட்டை என்றோ ஒரு நாள், பின்காற்றிலே, காய்ந்த நிலத்திலே, 150 யார் சென்றதாம். அன்றுதொட்டு அது அவர் மனத்தில் ‘150 யார் மட்டை’ ஆகிவிட்டது. ஒரு வெண்பா நன்றாக அமைந்துவிட்டமையாற் காப்பியப் புலவன் என்று தன்னைக் கருதுதல் போன்றது இது. கொள்ளவேண்டிய அளவு மிகச் சிறந்த அடியின் தூரமன்று. பத்தில் ஏழெட்டு முறை கைகூடும் தூரம். அதிலும் உருண்டு சென்று நின்ற தூரத்தை விடுத்து, வானிற் பறந்து நிலத்தைத் தொட்ட விழுதூரத்தையே கணக்கிடல் வேண்டும். இடையிலே ஓடையோ மணலோ இருப்பின் உருளல் எதற்குதவும்? பொழுதுபோக்காக ஆடுவோருட் பெரும்பாலோர் பசுந்தரையை எட்டாமற் குறுகியே விழுத்துகின்றனர். இதற்குக் காரணம் கையின் மெலிவன்று, கணக்கின் பெருமிதம். இரும்பு மட்டைகளில் எண் குறையக் குறைய முகச்சாய்வு குறைந்து தூரங் கூடும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஏறத்தாழப் பத்து முதற் பதினைந்து யார் வேறுபாடு. ஐயமுற்ற வேளையில் ஓர் எண் குறைந்த மட்டையை எடுத்து இயல்பாக அடித்தல் நன்று. எண் மிகுந்ததை எடுத்து வலிந்து அடித்தல் தீது.

அடுத்து, கொடிக்கு எத்தனை யார் என்று கேட்பதோடு நில்லாமல், பசுந்தரையின் முன்விளிம்புக்கு எத்தனை, பின்விளிம்புக்கு எத்தனை என்றுங் கேட்டல். முன்விளிம்பு 140, கொடி 146, பின்விளிம்பு 168 யார் என்று கொள்வோம். கொடியை அளவாகக் கொண்டால் ஆறு யார் பிழைக்கே இடமுண்டு. நடுவை அளவாகக் கொண்டால் முன்னும் பின்னும் பதினான்கு யார் உண்டு. இடவலத்துக்கும் இதுவே முறை. தன் சிதறலின் நடுவை எங்கே வைத்தால் அதன் பெரும்பகுதி பசுந்தரையில் விழும் என்று தேர்தலே திட்டம். கொடி அதனுள்ளே அகப்பட்டால் மகிழ்க, அகப்படாவிடின் வருந்தற்க.

காற்றும் உயரமும் அதன் பின்னர். எதிர்க்காற்றுப் பறித்துக்கொள்ளும் தூரம் பின்காற்றுக் கொடுக்கும் தூரத்திலும் பெரிது. ஆகவே இரண்டையும் ஒரே வாய்பாட்டால் ஈடுசெய்தல் ஆகாது. பசுந்தரை மேட்டில் இருந்தால் தூரங் கூடியதாகவும், பள்ளத்தில் இருந்தால் குறைந்ததாகவுங் கொள்ளல் வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 6,000 அடித் தூரத்துக்கு மேற்பட்ட உயரத்தில் உளது. அங்கே வளி அடர்த்தி குறைந்ததாகையால் தடையும் குறைவு. அதே அடி கொழும்பிற் செல்வதிலும் மிகுந்த தூரஞ் செல்லும். 1879-இல் நிறுவப்பட்ட கொழும்புக் கழகத்திடலிலே பழகியவர் மலைக்கு வந்து, பசுந்தரையைத் தாண்டிப் பந்து போவதைக் கண்டு தம் தோள்வலியை வியத்தல் கூடும். வியப்பு ஊர் திரும்பும்வரைதான்.

பந்து கிடக்குங் கிடக்கையையும் நோக்குக. நீண்ட புல்லிற் கிடந்தால் மட்டைக்கும் பந்துக்கும் இடையே புல் அகப்பட்டுப் பின்சுழற்சி குறையும். பந்து விழுந்த பின் நில்லாமல் ஓடும். ஏறுசரிவிற் கிடந்தால் உயர எழுந்து குறுகி விழும். பந்து காலினும் உயர்ந்த இடத்திற் கிடந்தால் வலக்கையாளனுக்கு இடப்பக்கஞ் செல்லும். இவையெல்லாம் அடிக்குமுன் கண்ணாற் காணக் கூடியவை. காணாமல் அடித்துவிட்டுப் பின்னர் மட்டையைக் கோபித்தலே பெருவழக்கு.

அடித்தலைப் பற்றி யான் நீட்டி உரைத்தல் தகாது. என் அனுபவம் முன்னரே கூறினேன். ஒன்று மாத்திரம். பந்தை மேலே எழுப்பவேண்டும் என்று கீழிருந்து அள்ள முயல்வது புதியோர் இயல்பு. உண்மை அதற்கு மாறு. மட்டை கீழ்நோக்கி இறங்கும்போதே பந்தைத் தொட்டு, அதன்பின்னரே நிலத்தைத் தொடல் வேண்டும். புல் பெயர்வது பந்து இருந்த இடத்துக்கு முன்னே. முகச்சாய்வே பந்தை எழுப்பும். தொழில்முறையாளர் 7-ஆம் எண் மட்டையால் அடிக்கும் பந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 முறை பின்னோக்கிச் சுழல்கின்றது. அச்சுழற்சியே பந்தை வானிலே தாங்குவது. பசுந்தரையில் விழுந்ததும் அதனைப் பிடித்து நிறுத்துவதும் அதுவே.

தவறினால் எங்கே தவறுவது என்று முன்கூட்டியே தீர்மானித்தலும் திட்டத்தின் ஒரு கூறு. இதற்கு ஸ்கொட்லாந்தின் சென் அன்றூஸ் பழந்திடலிலுள்ள 17-ஆங் குழியைக் காட்டலாம். நான்கடிக் குழி, 1984-இல் 461 யார் நீளம், 2010-இல் 495 யாராக நீட்டப்பட்டது. பசுந்தரை ஒடுக்கமாக, வரும் வழிக்குச் சாய்வாக, மேடையிட்டதுபோல் உளது. முன்னே இடப்பக்கத்தே ஆழமான மணற்பள்ளம். பின்னே ஒரு தெரு. தெருவுக்கு அப்பாற் கற்சுவர். முன்புறத்தே வலப்பக்கம் குறுகி விழுந்தாற் கேடு சிறிது. பின்னே தாண்டினாற் கேடு பெரிது. இடப்பக்கத்துப் பள்ளத்தின் கொடுமையை 1978-இல் ஜப்பானியரான டொமி நகஜிமா கண்டார். இரண்டடியிற் பசுந்தரையை அடைந்தவர், உருட்டிய பந்து அப்பள்ளத்துள் இறங்கிற்று. வெளியேற நான்கடி, மொத்தம் ஒன்பது.

1984 யூலையில் அங்கே நடைபெற்ற திறந்த போட்டியின் இறுதி நாளில் டொம் வற்சனும், ஸ்பெயின் நாட்டவரான செவே பலஸ்தெரோஸும் சமநிலையில் நின்றனர். வென்றிருந்தால் ஆறாவது முறை வென்று ஹரி வார்டனின் எண்ணிக்கையை வற்சன் எட்டியிருப்பார். முன்னே சென்ற பலஸ்தெரோஸ் முதல் மூன்று நாளும் 17-இல் ஐந்தடி எடுத்தவர். அன்று நீண்ட புல்லிலிருந்து 6-ஆம் எண் மட்டையாற் பசுந்தரையை அடைந்து நான்கடியில் முடித்தார். பின்வந்த வற்சன் 2-ஆம் எண் மட்டையால் அடித்த பந்து பசுந்தரையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, சுவருக்கு அண்மையில் நின்றது. அவர் அங்கே நிற்கும்போதே 18-ஆங் குழியிலிருந்து பெருமுழக்கம் எழுந்தது. பலஸ்தெரோஸ் அங்கே ஓரடி குறைத்து முடித்திருந்தார். வற்சன் ஐந்தடி எடுத்தார். முடிவு 276-க்கு 278. வற்சன் ஆறாவதை ஒருகாலும் பெறவில்லை.

இத்தனையுஞ் சொன்னபின், கொடியை நோக்கவே கூடாதோ என்று மாணவர் எவரேனும் எழுந்து கேட்பாராயின், கூடும் என்பதே விடை. 1935 ஏப்பிரல் 7-ஆந் திகதி ஓகஸ்டாவிலே ஜீன் சராசன் மூன்றடி பின்னிலையில் நின்றார். எஞ்சியிருந்தவை நான்கே குழி. 15-ஆங் குழியில், பசுந்தரைக்கு முன்னே நீர் கிடக்க, 235 யார் தூரத்திலிருந்து 4-ஆம் எண் மரமட்டையால் அடித்தார். பந்து குழியுள்ளே சென்று விழுந்தது. ஐந்தடிக் குழி இரண்டடியில் முடிந்தது. ஒரே அடியில் மூன்றடிப் பின்னடைவும் நீங்கிற்று. மறுநாள் தீர்ப்பாட்டத்தில் கிறேக் வூட்டை வென்றார். நீருக்கு அஞ்சி முன்னே நிறுத்துதல் அவருக்கு என்ன பயனைத் தந்திருக்கும்? இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனுடைய கணக்கு வேறு. ஆனால் ஞாயிறு மாலையிலே நண்பரோடு ஆடுபவர் ஒவ்வொரு குழியிலுந் தம்மைச் சராசனாகக் கருதுகின்றனரே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

இவற்றையெல்லாம் என் மாணவருக்கு நீண்டதொரு கடிதமாக எழுதினேன். ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கவும் சொன்னேன். ஒவ்வோர் அணுகடிக்கும் எடுத்த மட்டை, குறித்த இடம், விழுந்த இடம் மூன்றையும் எழுதுக. நன்றாக விழுந்ததையும் தீதாக விழுந்ததையும் ஒருங்கே எழுதுக. ஒன்றையும் விலக்கற்க என்றேன். நெடுநாள் மறுமொழி இல்லை. சென்ற மாதம் வந்தது. ஆறு வாரக் குறிப்பைப் படியெடுத்து அனுப்பியிருந்தார். பெரும்பாலான பந்துகள் குறுகியே விழுந்திருந்தன. குறுகியவற்றுள்ளும் வலப்பக்கம் விழுந்தவையே மிகுதி. ‘150 யார் மட்டை’ 135 யாருக்கு மேற் செல்வது அருமை என்று தாமே சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார். மரங்களை ஒட்டிய அக்குழியிலே இப்போது 6-ஆம் எண் மட்டையை எடுத்து இடப்பக்க நடுவை நோக்கி அடிப்பதாகவும், பந்து ஒன்றையும் அங்கே இழக்கவில்லை என்றும் கடைசி வரியில் எழுதியிருந்தார்.

அக்குறிப்பேட்டை அம்முதியவரிடங் காட்டினீரோ என்று கேட்டு எழுதியிருக்கின்றேன்.